ஊசி குதிக்கும் இடம்

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த வாரம். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கமும் பஸ் கிடையாது. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். நாலு திசையிலும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்கு வரவேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஊருக்குள்ளேயே குடியிருக்கும் பாவத்துக்காக என்னைப் பிடித்து இரண்டு ஷிஃப்டும் போர்டு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். உட்காருவதுதான் எனக்கு ஆகாத காரியம். அதுவும் அந்த வாரம் கைப்பைக்குள் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, நாற்காலியில் எறும்பு விட்டமாதிரி இருந்தது.

கடிதம் மெட்ராஸில் ஒரு கேசட் கம்பெனியிலிருந்து வந்தது. 'ஈரக் காற்று என்ற இசைத்தட்டில் பாடிய செல்வி தாங்கள்தானா?' என்று ஆரம்பித்தது. சிங்கப்பூரில் யாரோ டேப்பில் பிடித்து வைத்திருந்த ஒன்றரைப் பாட்டு அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. இந்த மாதிரி ஒன்று தமிழில் வந்ததே தங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். பழைய கம்பெனி மூடிப்போய்விட்டது, மூல டேப் எங்கே போனதென்று தெரியவில்லை, இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் இசைத்தட்டு ஒன்று கிடைத்தால் தீபாவளிக்குக் கேசட் போடலாம், கிடைக்காவிட்டால் இந்த யோசனையையே விட்டுவிடுகிறோம் என்று முடித்திருந்தார்கள்.

பாடிய செல்வி நான்தான். முழுப்பெயர் செந்தமிழ்ச்செல்வி. எழுபதில், இருபத்தோரு வயதில், மெட்ராஸில் டெலிபோன் டிரெயினிங் போன இடத்தில், ஒரு ஹோட்டலில் பியானோ வாசித்த டெரன்ஸ் மாஸ்டர் என் குரலைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். எட்டுப் பாட்டு. எழுதியதும் நான், பாடியதும் நான். டிரம்பெட், பெரிய பாஸ் வயலின், பிரஷ்ஷால் தடவித் தடவி வாசிக்கும் டிரம்ஸ். ஜாஸ் என்ற வார்த்தையையே அங்கேதான் கேட்டேன். தட்டு வெளியே வந்தது. வந்த வேகத்தில் கடை அலமாரிகளின் அடித்தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சினிமாப் பாட்டும் இல்லை, பக்திப் பாட்டும் இல்லை, இதை யாரம்மா கேட்பார்கள் என்றார்கள்.

என் கையில் ஒரு பிரதி இருந்தது. அதை நானே உடைத்தேன். எழுபத்திரண்டில் களமருதூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மைக் செட்காரரிடம் ஆசையாகக் கொடுத்துப் போடச் சொன்னேன். டிரம்பெட் ஆரம்பித்ததும் ஒரு பெரியப்பா, "இன்னாய்யா, ஊசி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். பந்தலே சிரித்தது. வீட்டுக்கு வந்து துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தேன். ஐந்து துண்டு. அந்தக் கோபத்துக்குப் பதினைந்து வருஷம் கழித்து இப்படி மாட்டிக்கொள்வேன் என்று அப்போது தெரியவில்லை. கடிதம் வந்த நாளிலிருந்து தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் எழுதிப் பார்த்தேன். ஒருவரிடமும் இல்லை. என்மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கல்வராயன் மலைமேல் கரியாலூர் போஸ்டாபீசிலிருந்து ஒரு கால்.

"ஆப்ரேட்டரம்மா, உங்க ஊரு மந்தைவெளியில சவுண்டு சர்வீஸ் கடைக்கு லைன் குடுங்க. நான் ஆண்டி பேசறேன், மைக் செட்டு ஆண்டி. சார்ஜ் போட அனுப்புன பேட்டரி வந்து சேரலீங்க. இங்க விசேஷம் நின்னுக்கினு கெடக்குது."

பிளக்கை எடுத்தவள் அதைச் செருகவில்லை. அவர் குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு ஹாரன் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. டிரம்பெட். பிரஷ். அப்புறம் ஒரு பெண் குரல். நாள் முழுக்க 'நம்பர் சொல்லுங்க' என்று சொல்லித் தேய்ந்துபோன இதே குரல்தான், பதினேழு வருஷம் சின்னதாக.

"ஏங்க, அது இன்னா பாட்டு?" என்று கத்தினேன்.

"எதுங்க?"

"பின்னால ஓடுதே, அது! அந்தத் தட்டு யார்து?"

"அதுங்களா, அது எங்க பிளேட்டு..." என்றார். அதோடு லைன் செத்துவிட்டது. எங்கேயோ கம்பிமேல் மரம் விழுந்திருக்க வேண்டும். இருபது தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்து நாற்காலி சுபஸ்ரீயிடம், "தலைவலி, நான் போறேன்" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

"எங்கக்கா போறீங்க? வூட்டுக்கா?"

"மலைக்கு."

அவள் சிரித்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கச்சிராயபாளையம் சாலையில் அன்றைக்கு வண்டி என்று ஒன்றும் இல்லை. விழுந்த மரங்களை ஏறித் தாண்டியும், வயலில் இறங்கிச் சுற்றியும் நடந்தேன். மழை தூறிக்கொண்டே இருந்தது. நடக்க ஆரம்பித்த பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. பேட்டரி தீர்ந்து தட்டை எங்கேயாவது போட்டுவிட்டால்? அதன்மேல் யாராவது உட்கார்ந்துவிட்டால்? இப்படியெல்லாம் கெட்டதாகவே யோசித்துக்கொண்டு போனேன்.

வடக்கனந்தலுக்கு முன்னால் ஒரு பெரிய மரத்தைக் குறுக்கே போட்டு ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் என் தம்பி வீரமுத்துவும் ஒருத்தன். பி.ஏ. படித்துவிட்டு ஆறு வருஷமாக அப்பாவின் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறவன். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தான்.

"இன்னாக்கா, தனியா நனைஞ்சிக்கினு வர்ற? எதுனா ஆயிப்போச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். முகத்தைச் சுளித்தான்.

"ஊரே வேலைக்கும் படிப்புக்கும் எடம் கேட்டு நடுரோட்ல ஒக்காந்துக்கினு கெடக்குது. நீ பாட்டு பிளேட்டு தேடிக்கினு மலைக்குப் போறியா?"

"நீ இன்னாடா கேக்குற? இத்தினி பேரு இருக்கறோம், எங்களக் கணக்குல எடுத்துக்கன்னு கேக்குற. நானும் ஒருத்தி இருந்தேன்னு கேக்கப் போறேன். எனக்கு மரம் வெட்ட ஆள் இல்ல, அதான் நடக்கறேன்."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனும் தலையைச் சொறிந்தான். அன்றைக்குத் தன் வீட்டில் தங்கவைத்து, மறுநாள் விடிந்ததும் சைக்கிளில் உட்காரவைத்துக் கோமுகி அணையைத் தாண்டி மலையடிவாரம் வரை மிதித்தான். மரம் வந்த இடத்தில் எல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டினான். "எறங்கும்போது ஜாக்கிரதை, வழுக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறியலுக்குத் திரும்பிப் போனான்.

மலைப்பாதையில் கடுக்காய் விற்றுவிட்டு வெறும் சாக்கோடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் பின்னாலேயே ஏறினேன். உச்சி வெயில் நேரத்தில் கரியாலூர். ஆண்டி வீட்டைக் கேட்டதும் விசேஷ வீட்டைக் காட்டினார்கள்.

பாவாயி என்பவளுடைய மகள் பூமாலை வயசுக்கு வந்திருந்தாள். வாசலுக்கு எதிரே பச்சைத் தழையில் குடிசை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து வாசற்படியில் கால் வைத்த பிறகுதான் பெண்ணை வீட்டுக்குள் அழைக்கலாம். மாமன் முருகவேலுக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. வியாழக்கிழமையே வரவேண்டியவன். மறியலில் எங்கே மாட்டிக்கொண்டானோ, தகவலே இல்லை. மூன்று நாளாகப் பந்தல் காத்துக்கொண்டிருந்தது. தோரணம் வாடிவிட்டது. பாவாயி வாசலுக்கும் பாதைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு என்னையே பார்த்தமாதிரி இருந்தது.

ஆண்டிக்கு நாற்பது வயது இருக்கும். கிராமபோன் பெட்டிக்குப் பக்கத்தில் காவல் நாய் மாதிரி உட்கார்ந்திருந்தார். நேற்று போனில் கத்தியது நான்தான் என்றேன்.

"நீங்களா ஆப்ரேட்டரம்மா? நடந்தேவா வந்தீங்க?" என்று எழுந்தார்.

"அந்தத் தட்டக் காட்டுங்க."

பழைய துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். வெளி உறை இல்லை. நடுவில் ஒட்டியிருந்த தாள்மேல் சிவப்புப் பெயின்டில் 'ஆண்டி, கரியாலூர்' என்று தடிமனாக எழுதியிருந்தது. மைக் செட்காரர்கள் தட்டு மாறிப் போகாமல் இருக்க இப்படித்தான் பெயர் எழுதி வைப்பார்கள். என் பெயர் இருந்த இடத்தின்மேல் சரியாக அவர் பெயர் உட்கார்ந்திருந்தது.

"இது என் தட்டுங்க. பாடுனது நான்."

"என் பேரு எழுதியிருக்குதே" என்றார், பாவம், உண்மையாகவே புரியாமல். "பழைய செட்டு வாங்கும்போது கடைக்காரர் சும்மா குடுத்தாரு, யாருக்கும் வேணாத பிளேட்டுன்னு. பதினாலு வருசமா இந்த மலையில ஒரு நல்ல காரியம் இந்தப் பாட்டு இல்லாம நடந்ததில்லீங்க. எல்லாப் பாட்டும் இல்ல. மொதப் பாட்டு மட்டும்."

யாருக்கும் வேண்டாத தட்டு. பதினாலு வருஷம். எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. கோபம்தான் முன்னால் வந்தது.

"நம்பலன்னா பாடிக் காட்டறேன்" என்றேன். காட்டினேன். தண்ணீர்கூடக் குடிக்காமல், நட்டநடுப் பந்தலில் நின்று:

"ஈரக் காற்றே, ஈரக் காற்றே, என்ன சேதி கொண்டு வந்தாய்?
வருவேன் என்று சொன்ன துணை
வரவே இல்லை, ஈரக் காற்று
வாசல் வந்து நின்றதம்மா..."

முதல் வரியில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். குரல் தெரிந்துவிட்டது. மூன்றாவது வரியில் முகங்கள் மாறின. யாரோ இரண்டு பேர் தப்பான இடத்தில் கை தட்டிவிட்டு நிறுத்தினார்கள். பாவாயி விறுவிறுவென்று என் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா பாடற நீ? எந்தம்பி வரானா இல்லியான்னு மூணு நாளா வவுத்துல நெருப்பக் கட்டிக்கினு நிக்கறேன். என் வாசல்ல நின்னு 'வரவே இல்லை'ங்கற?"

"பாட்டே அதுதாம்மா. நான் எழுதுனது."

"பாட்டு அப்பிடி இல்ல! எங்களுக்குத் தெரியாதா? இந்த மலைல சின்னப் புள்ளயக் கேட்டாலும் பாடும். ஆண்டியண்ணா, போட்டுக் காட்டு இவங்களுக்கு."

"பேட்டரி ஒரு பாட்டுக்குத்தான் தாங்கும். மாமன் வரும்போது வேணுமே" என்று ஆண்டி இழுத்தார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "போடுங்க. யாரு பாட்டு சரின்னு பாத்துடலாம்" என்றேன்.

போட்டார். டிரம்பெட் மலை முழுக்க ஒலித்தது. என் சின்ன வயசுக் குரல் வந்தது. 'வருவேன் என்று சொன்ன துணை'. உடனே டக், டக் என்று ஊசி இரண்டு தரம் குதித்தது. 'வாசல் வந்து நின்றதம்மா!' அந்த இரண்டு டக்குக்கும் பந்தலில் இருந்த அத்தனை கையும் ஒன்றாகத் தட்டின. ஒருத்தர்கூடப் பிசகவில்லை.

கீறல். குறுக்கே ஒரு கீறல் விழுந்திருந்தது. 'வரவே இல்லை, ஈரக் காற்று' என்ற வரியை ஊசி தாண்டிப் போய்விட்டது.

"பாத்தீங்களா?" என்றார் ஆண்டி. "அந்தக் கைத்தட்டு வர்ற எடத்துலதான் மாமன் படியில கால் வைக்கணும். கல்யாணம்னா மாப்ள வைக்கணும். எங்க வழக்கம் அது. வர்றேன்னு சொன்ன சொந்தம் வாசல்ல வந்து நின்னுச்சுன்னு பாட்டு. இதவிட நல்ல பாட்டு எதுங்க?"

அது கீறல், பாட்டு கெட்டுக்கிடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அந்த வரியை நான் யாரை நினைத்து எழுதினேன் என்பது உங்களுக்கு வேண்டாம். ஆள் வரவில்லை, அவ்வளவுதான். வரவில்லை என்று பாடினேன், வரவில்லை என்றே இருந்துவிட்டேன். இங்கே இவர்கள் அதே குரலை வைத்துக்கொண்டு பதினாலு வருஷமாக ஒவ்வொருத்தரையும் வாசலுக்கு வரவழைத்திருக்கிறார்கள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன்.

குரல் திடீரென்று ஆண் குரலாகி, இழுத்து, நின்றது. தட்டு சுற்றுவது நின்றுவிட்டது. பேட்டரி போய்விட்டது. பாவாயி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும். நான் ஓரமாகப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது. தட்டில்லாமல் இறங்கவும் மனசில்லை.

மூன்று மணிக்கு மேல் பாதையில் சத்தம். "மாமன் வந்தாச்சு!" முருகவேல் முழங்கால்வரை சேறோடு வந்தான். இரண்டு நாளாக வயலும் ஓடையுமாகச் சுற்றி நடந்திருக்கிறான். தலையில் சீர்த்தட்டு. பிளாஸ்டிக் காகிதத்தில் பொட்டலம் கட்டியிருந்ததால் புடவை மட்டும் நனையவில்லை. பாவாயி அழுதுகொண்டே ஓடியவள் பாதியில் நின்று திரும்பினாள். ஆண்டி பெட்டிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ஊசியைத் தட்டில் வைத்து விரலால் சுற்றிப் பார்த்தார். உறுமியது. மாமன் வாசலுக்கு எதிரே வந்து நின்றுவிட்டான். பாட்டு இல்லாமல் காலைத் தூக்க அவனுக்குத் தெரியவில்லை. குடிசையின் தழையை விலக்கிப் பூமாலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாவாயி என்னிடம் வந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"யக்கா. நீ பாடு. எங்க பாட்டப் பாடு."

எழுந்தேன். எந்தப் பாட்டு என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். டிரம்பெட் இல்லை, பாஸ் இல்லை. 'ஈரக் காற்றே' என்று ஆரம்பித்தேன். முருகவேல் ஒரு காலைத் தூக்கினான். 'வருவேன் என்று சொன்ன துணை' என்று பாடி நிறுத்தினேன். பதினேழு வருஷமாக நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்த வரி தானாக வரப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு தரம் கை தட்டினேன். பந்தலும் என்னோடு தட்டியது. 'வாசல் வந்து நின்றதம்மா' என்று நான் பாடும்போது மாமன் கால் படியில் இருந்தது. குலவைச் சத்தத்தில் அடுத்த வரி எனக்கே கேட்கவில்லை. அழுதேன். வெட்கமாக இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஆண்டி ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக் கொண்டுவந்து உட்கார்ந்தார். சிவப்புப் பெயின்டை மெல்ல மெல்லத் துடைத்தார். பாதித் தாளும் சேர்ந்து உரிந்தது. மீதியில் 'பாடியவர்: செல்வி' என்று இருந்தது. எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தார்.

"இத்தினி நாளா உங்க பேரு மேல நான் ஏறி ஒக்காந்துக்கினு இருந்தனா?" என்றார். "எடுத்துக்கினு போங்கம்மா. மத்த ஏழு பாட்டும் புதுசாட்டம் இருக்கும், நாங்க போட்டதே இல்ல. ஆனா அந்தக் கேசட்டு ஒண்ணு எனக்கு வந்துடணும்."

மறியல் முடிந்து பஸ் விட்ட முதல் நாளே மெட்ராஸ் போனேன். மடியில் துண்டில் சுற்றிய தட்டு. ஏழு பாட்டு சுத்தமாக வந்தது. முதல் பாட்டில் கீறல். அதை மட்டும் திரும்பப் பாடிவிடலாம் என்று ஒரு டிரம்பெட்காரரையும் பியானோக்காரரையும் வரவழைத்திருந்தார்கள். தேய்ந்துபோன சிங்கப்பூர் டேப்பைக் கேட்டுப் பாட்டை வரி வரியாக எழுதி, கண்ணாடி அறைக்குள் ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். பாடி முடித்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து ரெக்கார்டிங் பையன் மைக்கில் கூப்பிட்டான்.

"மேடம், நல்லா வந்திருக்கு. ஆனா நடுவுல ஒரு வரிய விட்டுட்டு ரெண்டு தடவ கை தட்டிட்டீங்க. 'வரவே இல்லை'ன்னு ஒரு வரி பேப்பர்ல இருக்கு பாருங்க. இன்னொரு டேக் போயிடலாமா?"

"அத அடிச்சிடுங்க" என்றேன். "ஆளு வந்துட்டாரு."